கமராவின் தூரமும் உயரமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் இலக்கியம், சைவசித்தாந்தம், கல்வி வரலாறு என்றுதான் பெரும்பாலும் தலைப்பு அமையும். சினிமாவைப் பற்றி, அதுவும் கமராவை எங்கே வைப்பது என்பதைப் பற்றிப் பேச இடம் தந்த அறக்கட்டளைக் குழுவினரின் துணிவை முதலில் பாராட்டுகிறேன்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இன்று அச்சுவேலியிலோ பத்தமேனியிலோ இடைக்காட்டிலோ ஒரு சாமத்தியவீடு நடந்தால் இரண்டு கமராக்களும் ஒரு ட்ரோனும் வருகின்றன. கலியாணவீடு, கோயில் திருவிழா, அந்தியேட்டி எல்லாமே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகளுக்கு நேரலையாகப் போகின்றன. அவ்வளவும் போதாதென்று வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி. ஒருகாலத்தில் ஸ்ரூடியோக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்த லோங் ஷொட், மிட் ஷொட், குளோசப் என்ற சொற்கள் இப்போது பள்ளிப் பிள்ளைகளின் வாயில் வருகின்றன. ஆனால் அந்தச் சொற்களை அழகுக் குறிப்புகளாகத்தான் பெரும்பாலும் கற்றுக்கொடுக்கிறோம். நான் சொல்ல வருவது இதுதான்: கமராவுக்கும் ஆளுக்கும் இடையிலான தூரமும், கமரா நிற்கும் உயரமும் எங்கள் ஊரில் வெறும் தொழில்நுட்பமாக இருந்துவிட முடியாது. யார் யாரை எவ்வளவு கிட்ட நின்று பார்க்கலாம், யார் நாற்காலியில் இருக்கலாம், யார் நிலத்தில் இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டங்களோடு வாழ்ந்த சமூகம் இது. கமரா எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சட்டங்களுக்குள்ளேதான் நின்று எடுக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ.

1. தூரம்

சேய்மைக் காட்சியில் ஆள் சிறிதாகவும் இடம் பெரிதாகவும் இருக்கும். முழுவுருவக் காட்சியில் தலை முதல் கால் வரை தெரியும். நடுக்காட்சி இடுப்புக்கு மேலே. அண்மைக் காட்சியில் முகம் மட்டும். மீ அண்மைக் காட்சியில் கண்ணோ விரலோ மட்டும். இவ்வளவும் எந்தக் கைநூலிலும் இருக்கும்.

இந்த அளவுகள் பலவற்றை ஒரே ஷொட்டில் பார்க்க வேண்டுமானால் லூமியர் சகோதரர்கள் 1896 இல் காட்டிய ரயில் வருகைப் படத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஐம்பது விநாடிகள்தான். கமரா அசையவில்லை. ரயில் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றிச் சட்டகத்தின் விளிம்பு வரை வருகிறது. இறங்கிய பயணிகள் கமராவை நோக்கி நடந்து வர, சேய்மையில் இருந்தவர் நடுக்காட்சிக்குள் வந்து, எங்களைத் தொட்டுக்கொண்டு போவதுபோலக் கடந்து போகிறார். ஷொட்டின் அளவை வில்லை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆள் நடந்து வந்தும் மாற்றலாம் என்று சினிமா பிறந்தபோதே தெரிந்துவிட்டது. பொறுமையாக நின்றால் மனிதர் தாமாகவே கிட்ட வருவார்கள். இன்று நாங்கள் பொறுமையாக நிற்பதில்லை. பொத்தானை அழுத்தி ஸூம் பண்ணுகிறோம்.

ஸூம் பண்ணுவதற்கும் நடந்து கிட்டப் போவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஸூம் பண்ணினால் முன்னால் நிற்கும் ஆளும் பின்னால் நிற்கும் பனையும் ஒரே விகிதத்தில் பெருக்கும். கிட்ட நடந்து போனால் ஆள் பெரிதாவார், பனை அப்படியே நிற்கும்; ஆளுக்கும் சூழலுக்கும் உள்ள உறவே மாறிவிடும். ஹிச்கொக் 1958 இல் எடுத்த 'வேர்ட்டிகோ' படத்தில் இந்த இரண்டையும் எதிரெதிராக ஒரே நேரத்தில் இயக்கித்தான் உயரத்தைக் கண்டு தலைசுற்றும் உணர்வை உண்டாக்கினார்கள்.

கைத்தொலைபேசியில் இன்னொரு சிக்கல். அதன் முதன்மை வில்லை பெரும்பாலும் அகலக் கோண வில்லை. முகத்துக்கு ஓரடி தூரத்தில் பிடித்தால் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்வாங்கும். அம்மம்மாவின் முகத்தை அப்படி எடுத்துவிட்டு, அவவுக்குப் படம் எடுத்தால் வடிவில்லை என்று சொல்வது நியாயமில்லை. நாலைந்து அடி பின்னால் போய், இரண்டு மடங்கு வில்லையைத் தெரிந்தெடுத்தால் அவவின் முகம் அவவின் முகமாகவே இருக்கும்.

அண்மைக் காட்சி எவ்வளவு வலியது என்பதை டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1928 இல் ஜோன் ஒஃப் ஆர்க்கின் பாடுகளைப் படமாக்கியபோது உலகம் கண்டது. படத்தின் பெரும்பகுதி முகங்கள்தான். எங்கள் மொழியில் 1945 இல் வந்த 'மீரா'வை நினைத்துப் பாருங்கள். இயக்குநர் எல்லிஸ் டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்துக்குச் சாந்தில் ஒரு மாதிரி வார்த்து, அதன்மேல் ஒளியைப் பல கோணங்களில் விழவைத்துப் பார்த்த பிறகே கமராவைக் கிட்டக் கொண்டுபோனார்கள். ஒரு முகத்துக்குக் கிட்டப் போகும் முன் அந்த முகத்தைப் படிக்க வேண்டும் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

அந்த மரியாதையைச் செத்தவீட்டு நேரலைகளில் காணமுடிவதில்லை. பெற்ற தாய் அழும்போது கமரா ஓரடிக்குள் நிற்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பார்க்கத்தான் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை நேரில் வந்திருந்தால் எங்கே நின்றிருக்கும்? அம்மாவின் பக்கத்தில், தோளோடு தோளாக. அந்த இடத்தில் நின்று நடுக்காட்சியாக எடுங்கள். துக்கமும் தெரியும், துக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் கைகளும் தெரியும்.

2. உயரம்

கமரா கீழே இருந்து மேலே பார்த்தால் எதிரில் நிற்பவர் பெரியவர். மேலே இருந்து கீழே பார்த்தால் சிறியவர். இந்தப் பாடத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஓர்சன் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' (1941). கிரெக் ரோலண்ட் கமராவை நிலத்தோடு நிலமாக வைத்து எடுத்ததால், ஸ்ரூடியோ செற்களில் வழக்கமாக இல்லாத கூரையையும் துணியால் அமைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த இலக்கணத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பனையில் ஏறிய சீவல் தொழிலாளியை எடுக்க வேண்டும். கமரா கீழேதான் நிற்க முடியும்; அவர் வானத்தில் நிற்கிறார். ஹொலிவூட் இலக்கணப்படி அது அதிகாரத்தின் ஷொட். ஆனால் மரத்தால் இறங்கியதும் அதே மனிதருக்கு ஊர் கொடுத்த இடம் எது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அவரை அண்ணாந்து பார்த்தபடியே கீழானவராக வைத்திருந்தது இந்தச் சமூகம். ஆகவே கோணத்துக்கு நிலையான பொருள் கிடையாது. ஊரின் வரலாற்றைத் தெரிந்தவன் அந்தத் தாழ்கோண ஷொட்டோடு நிறுத்தமாட்டான். அவர் இறங்கிவந்து நிலத்தில் கால்வைக்கும் வரை கமராவை ஓடவிட்டு, அடுத்து அவர் எங்கே போய் இருக்கிறார் என்பதையும் காட்டுவான்.

இருப்பது என்ற சின்ன விடயத்துக்கே இங்கே போராட்டம் நடந்திருக்கிறது. பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது. 1920களின் முடிவில் சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தபோது யாழ்ப்பாணம் கொந்தளித்தது. 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும், யார் எந்த வாசலுக்குள் நிற்கலாம் என்பதைப் பற்றியதே. இப்படிப்பட்ட நிலத்தில், கமராவை ஆளின் கண்மட்டத்தில் வையுங்கள் என்று சொல்வது வெறும் கைநூல் அறிவுரையாக இருக்க முடியுமா?

கண்மட்டம் என்றால் யாருடைய கண்மட்டம்? ஜப்பானிய இயக்குநர் ஒசு, பாயில் இருப்பவரின் உயரத்தை ஒட்டிக் கமராவைத் தாழ வைத்தார். 50 மில்லிமீற்றர் வில்லையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார். அவருடைய மனிதர்கள் நிலத்தில் இருந்து தேநீர் குடிப்பவர்கள். கமராவும் அவர்களோடு போய் இருந்தது. அச்சுவேலித் தறைகளில் வெங்காயம் நடும் பெண்கள் குந்தியிருந்து வேலை செய்கிறார்கள். நின்றபடி எடுத்தால் தலைச்சீலையும் முதுகும் மட்டும் வரும். மேற்பார்வைக்கு வந்த காணிக்காரரின் பார்வை அது. கமராவை இரண்டடி உயரத்துக்கு இறக்குங்கள். முகம் தெரியும், விரல்கள் தெரியும், செம்மண் தெரியும், அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பதும் தெரியும்.

அமெரிக்க மேற்கத்தியப் படங்களில் தொடைக்கு மேலே எடுக்கும் ஒரு ஷொட் உண்டு. இடுப்பில் தொங்கும் துப்பாக்கி தெரிய வேண்டும் என்பதற்காக வந்த அளவு அது. பிரெஞ்சு விமர்சகர்கள் அதற்கு அமெரிக்க ஷொட் என்றே பெயர் வைத்தார்கள். ஒரு சமூகம் எதைக் கையில் வைத்திருக்கிறதோ, அதற்கேற்றபடி சட்டகம் வெட்டப்படுகிறது. மண்வெட்டி பிடித்தவருக்கு இடுப்பளவு ஷொட் போதாது. அலகு மண்ணில் இறங்கும் இடம் வரை சட்டகம் வேண்டும். இப்படி எங்கள் வேலைகளுக்கு ஏற்ற அளவுகளை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

3. வேலியும் முற்றமும்

சட்டகத்துக்குள் சட்டகம் என்பது சினிமாவின் பழைய உத்தி. கதவு, யன்னல், தூண் இவற்றுக்கு ஊடாக ஆளைக் காட்டுவது. யாழ்ப்பாணத்தில் இதற்கு அலையத் தேவையில்லை. ஒழுங்கையில் நின்று பார்த்தால் சங்கடப்படலையே ஒரு சட்டகம். கூரை மேலே, தூண்கள் இரண்டு பக்கமும், நடுவில் முற்றம். கிடுகு வேலியில் ஒரு பொட்டு விழுந்தால் அதுவும் சட்டகம். அந்தப் பொட்டு வழியாகப் பக்கத்து வீட்டுக் கறியும் போகும், ஊர்க்கதையும் போகும். அதற்கு ஊடாக எடுத்த ஷொட் அயலவரின் பார்வை. சங்கடப்படலைக்கு ஊடாக எடுத்தது விருந்தாளியின் பார்வை. அடுக்களை வாசலில் இருந்து எடுத்தது வீட்டுப் பெண்ணின் பார்வை. ஒரே முற்றம், ஒரே உச்சி வெயில், மூன்று வேறு கதைகள்.

இப்போது வேலி போய் மதில் வந்துவிட்டது. மதிலில் பொட்டு விழாது. பிறகு படம் எடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? மதிலுக்கு மேலால் ட்ரோனை அனுப்புகிறார்கள்.

நாற்சார் வீடுகளில் எடுப்பவர்களுக்கு ஒரு சேதி. அந்த வீடுகளின் ஒளி நடுமுற்றத்தால், மேலிருந்து வருகிறது. மென்மையாகத் தாவாரத்தில் பரவுகிறது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி நகரத்து முற்றம்வைத்த வீடு ஸ்ரூடியோவுக்குள் செற்றாகப் போடப்பட்டது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே துணியைக் கட்டி, விளக்குகளின் ஒளியை அதில் பட்டுத் திரும்ப வைத்து அந்த மேலொளியை உண்டாக்கினார். அவர் பாடுபட்டுச் செய்ததை எங்கள் பழைய வீடுகள் காலை ஒன்பது மணிக்குச் சும்மா தருகின்றன. அதற்குள் போய் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள்.

இந்த இயற்கை ஒளியைத் தமிழ்ச் சினிமாவில் தன் முத்திரையாக்கியவர் எங்கள் நாட்டவர். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இல் பிறந்த பாலு மகேந்திரா. பள்ளிச் சுற்றுலாவில் கித்துல்கலை போனபோது டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' எடுப்பதைக் கண்டதுதான் தன் சினிமா ஆசைக்கு வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். 'முள்ளும் மலரும்' (1978) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 'மூன்றாம் பிறை' (1982) ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றார். ஆனால் சட்டகம் பற்றிப் படிக்க விரும்புபவருக்கு நான் காட்டுவது 'வீடு' (1988). கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியே வருகிறார். சொக்கலிங்க பாகவதர் நடித்த பாத்திரம். கதவு போடாத வாசல்கள், யன்னல் போடாத திறப்புகள், அவற்றுக்கு ஊடாக அவர் நடக்கிறார், சுவரைத் தடவுகிறார். அங்கே வசனத்துக்கு வேலையே இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கடனும் கனவும் அந்த வெற்றுச் சட்டகங்களுக்குள் வந்துவிடுகின்றன.

4. யார் எங்கே நின்று எடுத்தார்கள்

இலங்கைத் தமிழ்ப் படங்கள் 1962 இல் 'சமுதாயம்', 1963 இல் 'தோட்டக்காரி' என்று தொடங்கின. கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972 இல் வந்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978 இல் வந்தது. 1977 இல் வந்த 'பொன்மணி'யை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். காவலூர் ராஜதுரை எழுதியது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் இருந்தவர். சாதியும் சீதனமும் ஒரு குடும்பத்தின் பெண்களை எப்படி இறுக்குகின்றன என்பதுதான் கதை. சென்னைப் படங்களின் வேகத்துக்கும் அழுகைக்கும் பழகிய பார்வையாளர் அதன் நிதானத்தை ஏற்கவில்லை, படம் ஓடவில்லை. 35 ஆண்டுகள் கழித்து, 2012 இல், அசோக ஹந்தகம 'இனி அவன்' படத்தைத் தமிழிலேயே எடுத்தார். போர் முடிந்து ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளி ஒருவனின் கதை.

எங்கள் ஊர்களைப் பற்றி அதிகம் பேசப்படும் இரண்டு படங்களையும் எடுத்தவர்கள் வெளியே இருந்து வந்தவர்கள் என்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தள்ளி நின்று பார்ப்பவருக்கு வேலியின் முழு நீளமும் தெரியும். உள்ளே இருப்பவர் அதைக் காண மறந்துவிடுகிறார். ஆனால் உள்ளே இருந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிற தூரங்களும் உண்டு. மச்சாளோடு பேசும்போது எவ்வளவு தள்ளி நிற்பார்கள், மாமனாரின் முன்னால் எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்பார்கள் என்பதெல்லாம் பத்துப் பக்கத் திரைக்கதையிலும் எழுத முடியாத விடயங்கள். அவற்றைப் படமாக்க வேண்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983 ஜூலை வன்செயலில் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் அதோடு போயின. பிறகு வந்த இடப்பெயர்வுகளில் வீட்டு அல்பங்களும் போயின. எங்கள் நிலம் படமாகப் பதிவான அளவே கொஞ்சம். அதிலும் மிஞ்சியது இன்னும் கொஞ்சம். ஆகவே நீங்கள் எடுக்கும் கலியாணவீட்டு வீடியோவில் மணமக்களின் முகத்துக்குப் பின்னால் தெரியும் ஒழுங்கையும் கிணற்றடியும் நாளைக்கு ஓர் ஆவணம். பின்புலத்தை மங்கலாக்கி முகத்தை மட்டும் துலக்கும் இன்றைய மோகத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள்.

5. வெளியும் வானமும்

அச்சுவேலியில் இருந்து வல்லைவெளிப் பக்கம் போனால் மலையும் இல்லை, மேடும் இல்லை. அடிவானம் ஒரு கோடு. அதை எப்படிச் சட்டகத்தில் வைப்பது? இளம் ஸ்பீல்பேர்க்குக்கு ஜோன் ஃபோர்ட் சொன்ன பாடம் ஒன்று உண்டு. அடிவானம் சட்டகத்தின் மேல்பக்கம் இருந்தாலும் சுவை, கீழ்ப்பக்கம் இருந்தாலும் சுவை. நடுவில் வைத்தால் சப்பென்று போய்விடும் என்பது அதன் சாரம். வல்லையில் இது கண்கூடு. கோட்டை மேலே தள்ளினால் உவர்நிலமும் நீரேரியும், அதில் இறால் பிடிப்பவரின் உழைப்பும் கதையாகும். கீழே இறக்கினால் வானமும் காற்றும், சைக்கிளில் போகும் ஒற்றை மனிதரின் தனிமையும் கதையாகும்.

பனையோ அகலத் திரைக்குள் அடங்காத மரம். முழுப் பனையையும் காட்டினால் கீழே நிற்பவர் எறும்பாகிவிடுவார். கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுப்பதைச் சினிமாக்காரர் பலர் இகழ்கிறார்கள். பனைக்கும் கோபுரத்துக்கும் துலாவுக்கும் அந்த நெடுக்குச் சட்டகம் பொருந்துகிறது. அதைக் குறையாக நினைக்காமல் எங்கள் நிலத்துக்கு ஏற்ற ஒரு வடிவமாக நீங்கள் வளர்த்தெடுக்கலாம்.

கடைசியாக ட்ரோன். உச்சியில் இருந்து பார்த்தால் தோட்டப் பாத்திகள் பாய் விரித்ததுபோல வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பார்வையில் மனிதருக்கு முகம் கிடையாது. போர்க்காலத்தில் ஆளில்லா விமானத்தைச் சனங்கள் 'வண்டு' என்றார்கள். அந்த இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அந்த வயதுக்காரர் இன்னும் எங்கள் திருவிழாக்களில் நிற்கிறார்கள். உங்கள் ட்ரோன் எழும்பும்போது அவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள். ட்ரோனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேலே அனுப்ப முதல் கீழே நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீதியும் வயலும் நீரும் எப்படிப் பொருந்தி இருக்கின்றன என்று காட்ட வேண்டிய தேவை இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

6. ஒரு வேண்டுகோள்

இங்கே இருக்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். ஊரில் வேலை செய்யும் ஒருவரைத் தெரிந்தெடுங்கள்: புகையிலை கட்டுபவர், தையல்காரர், பஸ் நடத்துனர், யாராகவும் இருக்கலாம். அவரிடம் அனுமதி கேளுங்கள். ஐந்தே ஐந்து ஷொட்டுகளில் மூன்று நிமிடப் படம் எடுங்கள். ஸூம் கூடாது, பின்னணிப் பாட்டுக் கூடாது. முதல் ஷொட் அவர் வேலை செய்யும் இடம் முழுவதும் தெரிகிற சேய்மைக் காட்சி. அண்மைக் காட்சி ஒன்றே ஒன்று. அதை எந்த இடத்தில் வைப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள், ஏன் அந்த இடம் என்று எழுதியும் வையுங்கள். கமராவின் உயரம் எப்போதும் அவருடைய கண்ணின் உயரம். எடுத்து முடிந்ததும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். தன்னை இப்படி எடுத்தது சரியில்லை என்று அவர் சொன்னால் அந்த ஷொட்டைத் திரும்ப எடுங்கள். எந்த விரிவுரையை விடவும் அந்தத் திருத்தம் உங்களுக்கு அதிகம் கற்பிக்கும்.

அறக்கட்டளைக் குழுவினரிடமும் ஒன்று கேட்கிறேன். வருடத்துக்கு ஒரு சொற்பொழிவோடு நிறுத்தாமல், இந்தப் படங்களை இதே மண்டபத்தில் ஊர்ச் சனங்களுக்குத் திரையிடுங்கள். பிரதியொன்றை நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகம் ஒன்றுக்குக் கொடுங்கள். எடுத்த இடம், திகதி, எடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். எரிந்துபோன சுருள்களை மீட்க முடியாது. இனி எடுப்பவற்றைக் காப்பாற்றுவது எங்கள் கையில் இருக்கிறது, அதற்குப் பெரிய காசும் தேவையில்லை.